ரேஷன் அரிசி போன வழி

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோது, என் அக்கா மகன் கேட்டான்: "மாமா, முப்பத்தஞ்சு வருசம் ரேஷன் கடையில இருந்தீங்களே, உண்மையச் சொல்லுங்க. அந்த அரிசிய யாரு சாப்பிட்டா? பாதி கோழிக்கு, பாதி கேரளாவுக்குத்தானே?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஆனால் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. அவன் சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு. சிரித்து முடித்துவிடக் கூடிய உண்மை இல்லை அது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். எங்கள் கரிசல் பக்கத்தில் நெல்லுச்சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும்தான். மற்ற நாளெல்லாம் கம்மங்கஞ்சி, சோளச்சோறு, கேப்பைக்களி, குதிரைவாலி. பள்ளிக்கூடத்தில் மத்தியானம் சாப்பாடு கிடைத்தது. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்து, ஊர்க்காரர்களிடம் நன்கொடை வாங்கி 1956-இல் தொடங்கி வைத்த ஏற்பாடு அது. நான் படித்த காலத்தில் கேர் நிறுவனத்தின் பால் பவுடரும் மஞ்சள் மாவும் வந்துவிட்டன. தட்டைக் கழுவி வைத்துக்கொண்டு வரிசையில் நின்றதுதான் அரசாங்கத்தோடு எனக்கு ஏற்பட்ட முதல் பழக்கம்.

ரேஷன் அதைவிடப் பழையது. 1942-இல் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. மறு வருடம் வங்காளத்தில் பஞ்சம். சென்னை மாகாணத்திலும் பங்கீடு வந்தது. பங்கீட்டு அரிசியில் பொறுக்கிய கல்லை வைத்துத் திண்ணையே கட்டியிருக்கலாம் என்று என் அப்பா சொல்வார். 1952-இல் ராஜாஜி வந்து கட்டுப்பாட்டை எடுத்தார். அதன்பிறகு 1956-இல் அமெரிக்காவோடு பி.எல். 480 ஒப்பந்தம் போட்டு, கப்பலில் கோதுமையும் மைலோவும் வந்திறங்கின. 1965, 66-இல் மழை பொய்த்தபோது அரிசிக் கடை வாசலில் கூட்டம் அலைமோதியது.

அந்தக் கூட்டம்தான் 1967-இல் ஆட்சியை மாற்றியது என்று சொன்னால் முழுதும் சரியாகாது. மொழிப் போராட்டமும் இருந்தது. ஆனால் 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்ற பேச்சு பட்டிதொட்டியெல்லாம் போனது. எங்கள் விருதுநகரில் காமராஜரே மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் தோற்றார். அண்ணா பதவிக்கு வந்து சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டார். மாநிலம் முழுக்கப் போட கஜானாவில் பணம் இல்லை. எங்கள் ஊருக்கு அந்தப் படி வரவே இல்லை. ஆனால் அரிசி விலைக்கு அரசாங்கம் பதில் சொல்லியாக வேண்டும் என்ற எண்ணம் அன்று வேர்விட்டது. அதற்குப் பிறகு எந்தக் கட்சி வந்தாலும் அதை அசைக்க முடியவில்லை. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. கூட்டுறவுச் சங்கங்கள் கிராமத்துக்குக் கிராமம் கடை திறந்தன. 1976-இல் நான் ஒரு சங்கத்தில் எடைபோடும் ஆளாகச் சேர்ந்து, பிறகு விற்பனையாளர் ஆனேன்.

அங்கேதான் நான் படித்தேன். ஏழை வீட்டுக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை; கடையின் சன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றது.

முதல் பாடம், விலை வேறு, கையில் காசு இருப்பது வேறு. எங்கள் ஊரில் பாதிக் குடும்பம் தீப்பெட்டி ஆபீசை நம்பியது. கட்டை அடுக்கப் போவார்கள், வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவார்கள். சம்பளம் சனிக்கிழமை. ரேஷன் சரக்கோ லாரி வரும் நாளில்தான் வரும். அது செவ்வாயாக இருந்தால் யார் கையிலும் காசு இருக்காது. வெள்ளிக்கிழமைக்குள் சீனி தீர்ந்துவிடும். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளக் காசை முந்தானையில் முடிந்துகொண்டு ஓடி வருபவர்களுக்கு நான் கடையைப் பூட்டிக்கொண்டிருப்பேன். நேரம் ஐந்து என்றால் ஐந்து. சட்டம் அப்படி. 2006-க்கு முன்னால் கிலோ 3 ரூபாய் 50 காசு; 20 கிலோவை ஒரே தடவையில் எடுக்க 70 ரூபாய் வேண்டும். கடை அரிசியைவிட மலிவுதான். ஆனால் மளிகைக் கடைக்காரர் அரைக்கிலோவைக் கடனுக்குக் கொடுப்பார். நான் கொடுக்க முடியாது. மலிவான அரிசியை விட்டுவிட்டு விலை கூடின அரிசியை ஏன் வாங்குகிறார்கள் என்று மேலே இருப்பவர்கள் கேட்பார்கள். பதில் அந்த அரைக்கிலோவில் இருந்தது.

2006 ஜூனில் கிலோ 2 ரூபாய் ஆனது. 20 கிலோவுக்கு 40 ரூபாய். 2008 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் கிலோ ஒரு ரூபாய். 20 கிலோவுக்கு 20 ரூபாய். அப்போதுதான் கூலிக்காரக் குடும்பம் மாதத்துக்கு உரியதை ஒரே நடையில் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். நான் ஓய்வு பெற்றது 2011 மே 31. மறுநாள் அரிசி இலவசம் ஆனது. என்னிடம் வாங்கினால்தான் காசு என்று கேலி பேசினார்கள்.

இரண்டாவது பாடம், ஒரு வீட்டின் அரிசி பல இடத்திலிருந்து வருகிறது. ஒன்று நின்றால் மற்றதன் மேல் பாரம் விழும். 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். அதைச் 'சாப்பாடு போட்டுப் பள்ளிக்கூடத்தைக் கெடுக்கிறார்' என்று பேசிய படித்தவர்களை எனக்குத் தெரியும். எனக்கு அது கடையிலேயே தெரிந்தது. பள்ளி நடக்கும் மாதங்களில் வீட்டு அரிசி மாதக் கடைசி வரை வரும். மே மாத விடுமுறையில் 20-ஆம் தேதிக்கே "அண்ணாச்சி, அடுத்த மாசத்து அரிசி எப்ப வரும்?" என்று கேட்டு வருவார்கள். மூன்று பிள்ளைகள் மத்தியானம் பள்ளியில் சாப்பிட்டால் ஒரு தாய்க்கு எவ்வளவு மிச்சம் என்பதை அந்த ஒரு கேள்வி சொல்லிவிடும். இன்னொன்றும் உண்டு. சத்துணவு மையத்தில் அமைப்பாளராகவும் சமையல்காரராகவும் விதவைகளையும் ஆதரவற்ற பெண்களையும் வேலைக்கு எடுத்தார்கள். அதுவரை கார்டோடு தலைகுனிந்து வந்த ஒரு பெண், வேலை கிடைத்த பிறகு, "பில்லை ஒழுங்கா எழுதுங்க" என்று என்னையே அதட்டினாள்.

மூன்றாவது பாடம், அரிசியை அவர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பது. குண்டரிசி, வாடை அடிக்கும், நிறம் பழுப்பு என்பதெல்லாம் உண்மை. அதை நாலு தண்ணி ஐந்து தண்ணி கழுவுவார்கள். அந்தக் கழனி மாட்டுக்குப் போகும். வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழைய சோறும் நீச்சத்தண்ணியும். குழம்பு ஊற்றிச் சாப்பிடக் கடையரிசி கொஞ்சம் வாங்கிக் கலந்துகொள்வார்கள். இட்லிக்கும் தோசைக்கும் ரேஷன் புழுங்கல்தான் வாகு என்று வசதியானவர்களே ஆள் விட்டு வாங்குவார்கள். பச்சரிசி கோல மாவாகவும் ஆகும், வடகமாகவும் ஆகும். உடைந்து தூசியாகக் கிடப்பது கோழிக்கு. கோழிக்குப் போட்டார்கள் என்று சிரிக்கிறோம். அந்தக் கோழியின் முட்டை சந்தைக்குப் போய் மிளகாய் வற்றலாகத் திரும்பி வந்ததை யாரும் பார்ப்பதில்லை.

விற்றதும் உண்டு. மறைக்கவில்லை. சைக்கிளில் சாக்கோடு வருபவன் கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் கூடக் கொடுத்து வாங்கிப்போவான். அது எங்கெங்கோ சேர்ந்து, லாரி ஏறி, செங்கோட்டை வழியாக மலைக்கு அந்தப் பக்கம் போகும். சட்டப்படி குற்றம். பெரிய கையில் மூட்டை மூட்டையாகக் கடத்தியவன் திருடன்தான். அவனுக்கு உதவிய கடைக்காரனும் திருடன்தான். எங்கள் வேலையில் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் ஐந்து கிலோவை விற்றவள் பெரும்பாலும் அந்தக் காசில் பருப்போ, காய்ச்சலுக்கு மாத்திரையோ, பிள்ளைக்கு நோட்டோ வாங்கினாள். 2007-இல் துவரம்பருப்பும் உளுத்தம்பருப்பும் பாமாயிலும் கடைக்கு வந்த பிறகு, அரிசியை விற்றுப் பருப்பு வாங்கும் தேவை எங்கள் ஊரில் கண்கூடாகக் குறைந்தது. அதற்கு முன்பு நாங்கள் கொடுத்தது அரிசியும் சீனியும் சீமெண்ணெயும். சோறு கொடுத்தோம், குழம்புக்கு வழி சொல்லவில்லை.

இப்போது நான் சொல்லத் தயங்கிய விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் ரேஷன் கார்டை அடகு வைக்கும் வழக்கம் இருந்தது. நகை இல்லாதவர்களுக்கு அதுதான் நகை. ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்தால் தீப்பெட்டி ஆபீசில் வேலை ஓடாது. குச்சி காயாது, மருந்து காயாது. வாரச் சம்பளம் நிற்கும். ஊரில் வட்டிக்குக் கொடுப்பவர் ஒருவர் மளிகைக் கடையும் வைத்திருந்தார். கார்டைக் கொடுத்தால் ஐம்பதோ நூறோ கொடுப்பார். கடன் தீரும்வரை கார்டு அவரிடம். கடனுக்கு வட்டி தனி. கார்டில் வரும் சீனியும் சீமெண்ணெயும் அரிசியும் அவருக்கு. சரக்கு வந்த அன்று அவர் கடைப் பையன் ரப்பர் போட்டுக் கட்டிய பத்துப் பதினைந்து கார்டுகளோடு வருவான். நான் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பதிந்து, பில் போட்டு, எடை போட்டுக் கொடுப்பேன். கார்டு கொண்டுவந்தவருக்குச் சரக்கு என்பது நடைமுறை. என் பதிவேடு சுத்தமாக இருந்தது. தணிக்கைக்கு வந்தவர்கள் என்னைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

1984 ஐப்பசி என்று நினைக்கிறேன். மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், பெட்டி ஒட்டிப் பிழைக்கும் ஒரு அக்கா பையோடு வந்து நின்றார். கையில் கார்டு இல்லை.

"அண்ணாச்சி, அஞ்சு கிலோ அரிசி போடுங்க. காசு கொண்டாந்திருக்கேன்."

"கார்டு இல்லாம எப்படிக்கா?"

"கார்டு எங்க இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் சத்தம் போடவில்லை. "என் பேருல எழுதுன அரிசியத்தான கேக்கேன்" என்றார்.

அந்த வாரம்தான் அவர் கார்டில் அரிசியைப் பதிந்திருந்தேன். என் கையெழுத்து. பதிவேடு அவருக்கும் எனக்கும் நடுவில் திறந்து கிடந்தது. நான் அதை மூடி, "மேல கேள்வி வரும்க்கா" என்றேன். அவர் வெறும் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். அன்று இருப்பில் சிந்தின அரிசியே ஐந்து கிலோவுக்கு மேல் கிடந்தது. கொடுத்திருக்கலாம். என் வேலைக்கு ஒன்றும் வந்திருக்காது. கொடுக்கத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. வட்டிக்காரரைப் பகைக்க வேண்டாம் என்று இருந்தேன். சங்கத்து இயக்குநர்கள் அவர் கடைத் திண்ணையில்தான் உட்காருவார்கள்.

அடுத்த மாதம் பையனிடம், "வீட்டு ஆள் வந்தால்தான் சரக்கு" என்று சொன்னேன். பெரிய வீரம் செய்ததாக நினைத்துக்கொண்டேன். அதற்கடுத்த லாரி வந்தபோது வீட்டுப் பெண்களே வரிசையில் நின்றார்கள். ஆளுக்கொரு கார்டு. வாங்கிக்கொண்டு போய், வேப்பமரத்தடியில் நின்ற பையனின் சாக்கில் கொட்டிவிட்டு, கார்டையும் அவனிடமே கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் போட்ட சட்டத்தால் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போனதுதான் மிச்சம். அந்த அக்காவும் அந்த வரிசையில் இருந்தார். கார்டை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

கார்டு அடகு பிறகு எப்படி ஒழிந்தது? எந்த அதிகாரியும் ஒழிக்கவில்லை. 1990-களின் கடைசியில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் எங்கள் பக்கம் வந்தன. வாரம் பத்து ரூபாய் சேமித்து, தங்களுக்குள்ளேயே நூறு இருநூறு கடன் கொடுத்துக்கொண்டார்கள். அவசரத்துக்குக் கை நீட்ட வேறு இடம் கிடைத்ததும் கார்டுகள் ஒவ்வொன்றாக வீடு திரும்பின. பசிக்கு அரிசி கொடுத்தால் மட்டும் போதாது, அவசரத்துக்கு நூறு ரூபாய் எங்கே கிடைக்கும் என்பதும் சேர்ந்ததுதான் சாப்பாடு. இது எனக்கு விளங்க இருபது வருடம் ஆனது.

கடைசியாக ஒன்று. எல்லாருக்கும் எதற்கு ரேஷன், ஏழைக்கு மட்டும் கொடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1997-இல் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரிக்கச் சொன்னது. தமிழ்நாடு பிரிக்காமல் எல்லாக் கார்டுக்கும் தொடர்ந்தது. 2000-களின் தொடக்கத்தில் மட்டும், மாத வருமானம் 5000 ரூபாய்க்கு மேல் இருந்தால் அரிசி இல்லை என்று 'எச்' முத்திரை வந்தது. 2004 தேர்தலுக்குப் பின் கைவிடப்பட்டது. அந்தக் கொஞ்ச காலத்தில் நான் பார்த்தது இது: ஒரு கிழவியின் கார்டில் சென்னையில் சம்பாதிக்கும் மகன் பெயரும் இருந்தது. மகன் பணம் அனுப்புவதை நிறுத்தி வருடம் இரண்டு ஆகியிருந்தது. காகிதத்தில் கிழவி வசதியானவள், அரிசி கிடையாது. மகன் பெயரை நீக்கலாமே என்றேன். "பேர எடுத்தா அவன் என் மகன் இல்லேன்னு ஆயிருமே" என்றாள். இதை எந்த வருமானச் சான்றிதழில் எழுதுவது?

எங்கள் ஊரில் யார் ஏழை என்பது மாதத்துக்கு மாதம் மாறியது. மழை பெய்தால் சம்சாரி சிரிப்பான், தீப்பெட்டிக் கூலி அழுவாள். கோடு போட்டால் அது யாரையாவது வெளியே தள்ளும். வசதியுள்ளவன் அரிசி வாங்குவதால் வரும் நஷ்டம் கணக்கில் தெரியும். வெளியே தள்ளப்பட்ட கிழவி எந்தக் கணக்கிலும் தெரியமாட்டாள். வசதியானவர்கள் பெரும்பாலும் தாங்களே விலகிக்கொண்டார்கள். வரிசையில் நிற்கப் பொறுமை இல்லாதவர்கள் அவர்கள். அவர்கள் கார்டும் அதே கடையில் இருந்ததால்தான் எடை குறைந்தால் கேட்பதற்கு நாலு பேர் இருந்தார்கள். 2016 நவம்பரில் உணவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கே நடைமுறைக்கு வந்தபோதும், எல்லாருக்கும் என்பது மாறவில்லை. 2020 ஏப்ரலில் ஊரடங்கு வந்தபோது ஆயிரம் ரூபாயும் அரிசியும் பருப்பும் எண்ணெயும் கொடுக்க, யாருக்கு என்று பட்டியல் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. 34,000-க்கும் மேற்பட்ட கடைகளில் பட்டியல் ஏற்கெனவே இருந்தது.

இப்போது நானும் வரிசையில் நிற்கிறேன். துவரம்பருப்பு 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய், இட்லிக்குப் புழுங்கலரிசி. கார்டு பிளாஸ்டிக் அட்டை ஆகிவிட்டது. விரல் ரேகை வைக்க வேண்டும். போன வாரம் எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மாவுக்கு ரேகை விழவில்லை. நாற்பது வருடம் பெட்டி ஒட்டிய விரல். பசையும் அட்டையும் ரேகையைத் தின்றுவிட்டன. நாலு தடவை துடைத்துத் துடைத்து வைத்தார். கடைக்காரப் பையன் சின்ன வயது. வரிசையைப் பார்த்தான், இயந்திரத்தைப் பார்த்தான். "நாளைக்கு வாங்கம்மா" என்றான்.

நான் முன்னால் போய், "தம்பி, இந்த அம்மாவை எனக்குத் தெரியும். போன் நம்பருக்கு எண் வரவழைச்சுப் போட வழி இருக்கும், பாரு" என்றேன். அவன் முணுமுணுத்துக்கொண்டே பார்த்தான். வழி இருந்தது. அரிசி போட்டான். அந்த அம்மா பையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, நான் யார் என்று உற்றுப் பார்த்துவிட்டுப் போனார்.

அக்கா மகனுக்கு என் பதில் இதுதான்: சாப்பிட்டார்கள் ஐயா. சாப்பிட்டது போக மிச்சத்தில் மருந்தும் நோட்டும் மிளகாயும் வாங்கினார்கள். மழைக்காலத்தில் அதையே அடகு வைத்துப் பிழைத்தார்கள். சாப்பிட முடியாமல் போன நாளும் உண்டு. அப்படி ஒரு நாளில் சன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான்தான்.